தீம் பார்க் கேட்டு அழுதது

எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டதில்லை. இருக்கன்குடிக்கு நேர்த்திக்கடன் என்றால் சாத்தூரில் பஸ் மாறுவோம். உறவில் ஒரு சாவு என்றால் கிடைத்த வண்டியில் ஏறுவோம். எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றெல்லாம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்வது முதலாளி வீடுகளில் நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தோம். ஆகவே அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அப்பாவும் பெரியப்பாவும் பாய் விரித்து உட்கார்ந்து, கடலோரமாகவே கன்னியாகுமரி வரை வேனில் போய்வருவது பற்றிப் பேச ஆரம்பித்ததும், எங்கள் குடும்பம் ஒரு படி ஏறிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. தாயில்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். பெரியப்பா பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேன். அப்பாவின் தங்கையான அத்தை அதே கம்பெனியில் சரம் பின்னினாள். அவள் எங்களோடுதான் இருந்தாள். இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை.

பயணத்துக்கு வேண்டிய வரைபடத்தை அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்தார். மறுவருடத்து டைரிக்காக அடித்து, நிறம் நகர்ந்துவிட்டதால் ஒதுக்கிப்போட்ட தாள் அது. தமிழ்நாட்டின் கோடுகள் ஓரிடத்திலும் நிறங்கள் கொஞ்சம் தள்ளியும் விழுந்திருந்தன. கடலின் நீலம் கரையைத் தாண்டி நிலத்துக்குள் வந்திருந்தது. பெரியப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “நாம போற ஊரெல்லாம் தண்ணிக்குள்ளயில்ல கெடக்கு” என்றார். அந்தப் படத்தில் எங்கள் ஊர் இல்லை. சிவகாசியிலிருந்து கடலுக்கு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

கையெழுத்து நன்றாக இருந்ததால் எழுதும் வேலை எனக்கு வந்தது. பட்டாசுப் பெட்டிக்கு அடித்த லேபிள் தாளின் வெள்ளைப் பக்கத்தில் எழுதினேன். சனிக்கிழமை விடியற்காலம் புறப்பாடு. எட்டயபுரத்தில் டீ. தூத்துக்குடியில் இட்லி. திருச்செந்தூரில் தரிசனம், தங்கல். ஞாயிறு காலை மணப்பாடு, உவரி, கூடங்குளம், கன்னியாகுமரி. திருநெல்வேலி வழியாகத் திரும்புதல். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். திருச்செந்தூருக்கு நேராக மட்டும் பெரியப்பா கூடுதலாக ஒரு வரி எழுதச் சொன்னார்: வேண்டியவர்கள் சந்திப்பு. யார் என்று கேட்டேன். “நமக்கு வேண்டியவுக. வள்ளியூர்க்காரக” என்றார். நானும் அப்படியே எழுதினேன்.

இப்போது சொல்வது சுலபம். அது பெண் பார்க்கும் பயணம். அதற்கு முன் இரண்டு முறை அத்தையைப் பார்க்க ஆட்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். இரண்டு முறையும் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடிப்பதற்குள் தெருக்குழாயில் நின்ற யாரோ விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். விஷயம் என்பது அத்தையின் இடது கை. பதினேழு வயதில் அவள் வேலை பார்த்த ஷெட்டில் தீப்பிடித்தபோது, மணிக்கட்டுக்கு மேலிருந்து தோள்பட்டை வரை வெந்து ஆறிய கை. மூன்றாவது இடத்துக்காவது ஊருக்கு வெளியே, தெருக்குழாய் எட்டாத தூரத்தில் வைத்துக் காட்டிவிட வேண்டும் என்று பெரியப்பா தீர்மானித்திருந்தார். கல்யாணம் முடிந்த பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்பது தரகர் கொடுத்த யோசனை. சும்மா போய் நின்றால் நன்றாக இருக்காது என்பதால் அதைச் சுற்றி ஒரு கடலையும் இரண்டு கோவில்களையும் சேர்த்திருந்தார்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. அத்தையின் கையில் விஷயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தீப்பிடித்தபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை அப்படித்தான் இருந்தது. வலது கையில் இருக்கிற ரோமம் இதில் இல்லாமல், மடிப்பு மடிப்பாக, சில இடங்களில் மெழுகு போல வழுவழுப்பாக. தூங்கும்போது நான் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்வேன். குளிர்ச்சியாக இருக்கும். வெளியே போகும்போது அவள் ஏன் சேலை முந்தானையை இழுத்து அந்தப் பக்கம் போர்த்திக்கொள்கிறாள் என்று யோசித்ததில்லை. பெண்கள் முந்தானையை எதற்கெல்லாமோ இழுத்துக்கொள்கிறார்கள்.

ஒருநாள் சாயங்காலம் எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னாள், “ஏ பிள்ள, கன்னியாகுமரிகிட்ட தீம் பார்க் ஒண்ணு இருக்காம். கடல் மாதிரியே அலை வருமாம், ஆனா உப்புக் கரிக்காதாம்.” அவளோடு சரம் பின்னும் ஓர் அக்கா வேறொரு கம்பெனியில் இருந்தபோது டூர் போய்ப் பார்த்திருந்தாள். மேலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் குழாய்கள், அதற்குள் ஓடும் தண்ணீர், கீழே நீலக் குளம் எல்லாவற்றையும் அத்தை என் காதில் ஊற்றினாள். சடை பின்னி முடிக்கும்போது எனக்குக் கடலே தேவையில்லை என்று ஆகிவிட்டது.

“அப்பாகிட்டச் சொல்லுங்கத்தை.”

“நான் கேட்டா, குமரிப் பிள்ளைக்கு என்ன வெளையாட்டும்பாக. நீ கேளு.”

எப்படிக் கேட்பது என்பதையும் அவளே சொல்லித் தந்தாள். ஒருநாள் மட்டும் கேட்டால் விளையாட்டு என்று விட்டுவிடுவார்கள். மூன்று நாள் கேட்க வேண்டும். கத்தி அழக்கூடாது. “சோத்தைத் தொடாம இருந்துறாத, அடி விழும். பாதி தின்னுட்டுப் பாதிய வையி. கேட்டா, பசிக்கலன்னு சொல்லு.” நான் அப்படியே செய்தேன். முதல்நாள் அம்மா தட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். இரண்டாம் நாள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அப்பா கேட்டார். நான் தீம் பார்க் என்று சொல்லி அழுதேன். சொல்லித்தந்த அழுகையாக ஆரம்பித்தது, பாதியில் நிஜமாகிவிட்டது.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “கோயில்ல வச்சுப் பாத்தாத்தான் மரியாதை. சாமி முன்னால நின்னு வேண்டாம்னு சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எந்திரிக்காது” என்றார். அவர் பார்ப்பது என்று சொன்னதைக் கடலைப் பார்ப்பது என்று நான் எடுத்துக்கொண்டேன். திருச்செந்தூரில் கோவில்மேல் நின்று கடலைப் பார்க்கலாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சாமி முன்னால் யார் கடலை வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

நான் அழுத கதையை அப்பா தரகரிடம் சொல்லியிருந்தார் போல. நான்கைந்து நாளில் வள்ளியூரிலிருந்து அவர் வழியாகச் சேதி வந்தது. மாப்பிள்ளையின் தங்கை காலேஜில் படிக்கிறாளாம். அவளுக்கும் தீம் பார்க் என்றால் விருப்பமாம். கோவில் கூட்டத்தில் நின்று பேசுவதைவிட அங்கே உட்கார்ந்து பேசலாம் என்று அவர்களும் சொன்னார்களாம். பெரியப்பா எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்து, “எழுது” என்றார். திருச்செந்தூருக்கு எதிரே இருந்த வரியை அடித்துவிட்டு, ஞாயிறு பதினொரு மணிக்கு நேராகத் தீம் பார்க், வேண்டியவர்கள் சந்திப்பு என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் போராடி வாங்கிய முதல் பொருள் அது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

தீபாவளி வரை திட்டம் வளர்ந்துகொண்டே இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை நான் அதை எல்லாருக்கும் வாசித்துக்காட்டுவேன். யாராவது ஒருவர் ஒரு வரி சேர்ப்பார். கட்டுச்சோறு, மாற்றுத்துணி, அம்மாவுக்கு வேன் குமட்டும் என்பதால் எலுமிச்சம்பழம். வள்ளியூர்க்காரர்களுக்குக் கொடுக்கச் சாத்தூர் சேவு. அத்தை மட்டும் எதுவும் சேர்க்கவில்லை. ஒருநாள் அவளே என்னைக் கூப்பிட்டு, தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஒன்று எழுதச் சொன்னாள். தண்ணீரில் இறங்க நைலான் உடுப்பு, அங்கேயே கிடைக்கும், அரைக்கைச் சட்டை. சின்னப் பிள்ளைகளைப் பெரியவர்கள் துணையில்லாமல் அலைக் குளத்துக்குள் விடமாட்டார்கள். சரம் பின்னும் அக்காவிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தாள்.

“இதைச் சத்தமா வாசிக்காண்டாம். நமக்குள்ள இருக்கட்டும்” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து வாசிக்கும்போது அந்த இடத்துக்கு வந்ததும் தாளை மடித்துவிடுவேன்.

அம்மா அத்தைக்கு முழுக்கை வைத்து ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்தாள். அரக்கு நிறம். கழுத்திலும் கை நுனியிலும் சரிகைப் பட்டை. “இப்ப டவுன்ல எல்லாரும் இப்படித்தான் போடுறாக” என்று அம்மா சொன்னாள். அத்தை போட்டுப் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றாள். அம்மாவுக்குக் கண் கலங்கியது. பிளவுஸ் நன்றாயிருந்தால் ஏன் கண் கலங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். வீட்டில் ஆடு ஈன்றிருந்ததால் பெரியம்மா வரவில்லை. நாங்கள் ஐந்து பேர், டிரைவர் ஒருவர். எட்டயபுரத்துக்கு முன்னாலேயே டயர் பஞ்சர் ஆகி முக்கால் மணி நேரம் போயிற்று. அதன்பிறகு ஒவ்வோர் ஊரிலும் நான் தாளைப் பிரித்து, திட்டப்படி நாம் இப்போது எங்கே இருக்க வேண்டும் என்று அறிவித்துக்கொண்டே வந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “பாப்பாவுக்குக் கலெக்டர் ஆபீஸ்ல வேலை வாங்கிக் குடுத்துருங்க” என்றார். தூத்துக்குடிக்கு வெளியே உப்பைக் குவித்து வைத்திருந்தார்கள். நான் அதுவரை பார்த்த வெள்ளையில் அதுதான் அதிகமான வெள்ளை. திருச்செந்தூரில் கடல் என் காலடி மண்ணை உருவிக்கொண்டு போனது. பெரியப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலை எட்டாத இடத்திலேயே நின்றார். மறுநாள் மணப்பாட்டில் குன்றுமேல் சர்ச்சைப் பார்த்தோம். உவரியில் அப்பா கருப்பட்டி வாங்கினார். அங்கிருந்து சாலையின் ஒரு பக்கம் சிவந்த தேரிமணல் மேடும் பனையும், இன்னொரு பக்கம் வீடுகளுக்கு இடையில் துண்டு துண்டாகக் கடலும் வந்தன. அத்தை ஜன்னலோரத்தில் முழுக்கைப் பிளவுஸும் மஞ்சள் சேலையுமாக உட்கார்ந்திருந்தாள். காற்றில் முந்தானை பறந்தது. அவள் அதைப் பிடித்துவைக்கவில்லை.

தீம் பார்க்குக்கு நாங்கள் போனபோது பன்னிரண்டு மணி. வள்ளியூர்க்காரர்கள் முன்பே வந்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஓர் அரிசி ஆலையில் சூப்பர்வைசர். மெலிந்த ஆள். சட்டைப்பையில் இரண்டு பேனா. அவருடைய அம்மா வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கை நைலான் உடுப்பு மாற்றித் தயாராக இருந்தாள். எதிரே கம்பித் தடுப்புக்கு அப்பால் அலைக் குளம். அலை வரப்போகிறது என்பதற்கு ஒரு சங்கு ஊதும், குளத்தில் நிற்கும் அத்தனை பேரும் கத்துவார்கள்.

பெரியவர்கள் மழை பற்றிப் பேசினார்கள். நெல் விலை பற்றிப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “முழுக்கை நல்லாருக்கும்மா, எங்க தச்சீக?” என்று அத்தையைக் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, “சிவகாசியிலதான், எங்க டெய்லர்ட்ட” என்றாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு சங்கு வீணாகிவிட்டது. இரண்டாவது சங்கும் வீணாகிவிட்டது. மூன்றாவது ஊதியபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அத்தை எழுந்தாள். “மதினி, இவளைத் தண்ணியில எறக்கிட்டு வாரேன். பெரியவுக இல்லாம விடமாட்டாகளாம்.”

“நான் போறேன், நீ இரு” என்று அம்மா எழுந்தாள்.

“ஒங்களுக்குத் தண்ணி பயம்லா மதினி.”

அது உண்மை. கண்மாயில்கூட அம்மா கரையில் உட்கார்ந்துதான் குளிப்பாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா, “போயிட்டு வரட்டுமே, பிள்ளை அழுவுது” என்றார். அதற்குள் அத்தை என் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள்.

உடுப்பு மாற்றும் அறையில் அவள் பிளவுஸைக் கழற்றி மடித்தாள். சேலையையும் ஒழுங்காக மடித்து அதன்மேல் வைத்தாள். நீல அரைக்கைச் சட்டையும் கால்சட்டையும் அவளுக்குப் பெரிதாக இருந்தன. கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அத்தையைச் சேலையோ நைட்டியோ இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல்முறை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள்.

சங்கு ஊதியது. அலை வந்தது. நான் விழுந்தேன், குடித்தேன், எழுந்தேன். உப்பே இல்லை. அத்தை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நின்றாள். எல்லாரும் அப்படித்தான் நின்றார்கள். நான் கேன்டீன் பக்கம் திரும்பி அம்மாவுக்குக் கையாட்டினேன். அம்மா ஆட்டவில்லை. அங்கே யாருமே அசையவில்லை.

இரண்டு அலைக்குப் பிறகு, துண்டு எடுக்க வேண்டும் என்று சொல்லி அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு மேலேறி நேராகக் கேன்டீனுக்குப் போனாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட மேஜைக்கு முன்னால் நின்றாள். அம்மா துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தப் போனாள். அத்தை அதை வாங்கி என் தலையைத் துவட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார், “கையில என்னம்மா?”

“கம்பெனியில தீப்பிடிச்சதுங்க. பதினேழு வயசுல. தோள்பட்டை வரைக்கும் இருக்கு. வெரலெல்லாம் நல்லா வேலை செய்யும்.” அத்தை ஐந்து விரலையும் விரித்து மடக்கிக் காட்டினாள். சரம் பின்னுகிறவள் கை. வேகமாக மடங்கி விரிந்தது.

பெரியப்பா இலையை மூடுவதுபோல் கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை மூடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை முதல்முறையாக அத்தையிடம் பேசினார். “தண்ணி பட்டா எரியுமா?”

“எரியாது. வெயில் பட்டாத்தான்.”

அவர் தலையாட்டினார். உடனே நான் பெரிய குழாய்ச் சறுக்குக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். யாரும் மறுக்காததால் ஓடினேன். அங்கே சுவரில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதற்கு நான் நாலு விரற்கடை குறைவு. காவலுக்கு நின்றவர் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார். திரும்பி வந்தபோது வள்ளியூர்க்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். “சொல்லியனுப்புறோம்” என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். அத்தையின் அருகில் வந்து ஈரத்தலையில் ஒரு நிமிடம் கைவைத்துவிட்டுப் போனார். அவர்களுக்காகக் கொண்டுவந்த சேவுப் பொட்டலம் மேஜையிலேயே இருந்தது.

பத்து நாள் கழித்து, ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டியபோது பொருந்தவில்லை என்று தரகர் வந்து சொன்னார். அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கம்பெனி திறந்ததும் வேலைக்குப் போனாள். பெரியப்பா பொங்கல் வரை அவளோடு பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து ஆமத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். டிராக்டர் மெக்கானிக். அவரை எங்கேயும் வரச்சொல்லவில்லை. எங்கள் தெருவழியாகத்தான் வந்தார். தெருக்குழாயில் சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் இருப்பார்கள். அத்தை வாசலில் அரைக்கைப் பிளவுஸோடு காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தாள். இப்போது அவர்களுக்கு இரண்டு பையன்கள்.

ஆனால் அன்றைக்கு வேனில் இது எதுவும் நடந்திருக்கவில்லை. கன்னியாகுமரிக்குப் போகாமலே மூன்று மணிக்குக் கிளம்பினோம். கட்டுச்சோற்றை யாரும் மறுபடி பிரிக்கவில்லை. பெரியப்பா முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்பா கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. அம்மாவின் மடியில் அந்த அரக்குப் பிளவுஸ் இருந்தது. அதன் சரிகைப் பட்டையை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள். அத்தை பழைய நூல்சேலையை உடுத்தியிருந்தாள். தலை இன்னும் காயவில்லை.

வள்ளியூர் வந்தது, போனது. நாங்குநேரி வந்தது. யாரும் பேசவில்லை. காரணம் என்னவாக இருக்கும் என்று நான் நெடுநேரம் யோசித்தேன். திட்டத்தில் இருந்த ஊர்களில் எல்லாம் சரியாகத்தான் இருந்தார்கள். தீம் பார்க்குக்கு வந்த பிறகுதான் இப்படி ஆனார்கள். தீம் பார்க்கை நுழைத்தவள் நான். பாதித் தட்டுச் சோற்றை மிச்சம் வைத்தவள் நான். எல்லாரையும் கோவிலிலிருந்து அங்கே இழுத்துக்கொண்டு போய்விட்டு, பெரிய சறுக்கில் ஏற உயரம்கூட இல்லாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

நான் எழுந்து முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பெரியப்பா, நான்தான் கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன்” என்றேன்.

பெரியப்பா திரும்பினார். “ஒன் மேல ஒண்ணுமில்ல தாயி. போயி உக்காரு” என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அத்தை என்னை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். காதுக்குப் பக்கத்தில் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள், “நீ கேட்டதாலதான் வந்தோம்.”

அவளும் என்மேல்தான் பழி சொல்கிறாள் என்று நினைத்து, கயத்தாறு வரை அழுதுகொண்டே வந்தேன்.